சுண்ணாம்பு போட்டது யார்

மலைப்பக்கம் மழை பிடித்துவிட்டது என்ற செய்தி எங்கள் வீட்டில் முதலில் கீழ்மாடிக் கழிப்பறைக்குத்தான் வரும். வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே கொடகொடவென்று சத்தம் கேட்கும். சற்று நேரத்தில் குழியிலிருந்து தண்ணீர் ஏறி, தரையெல்லாம் பரவி, சமையல்கட்டை எட்டிப் பார்க்கும். தண்ணீர் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். பழைய கைலியைச் சுருட்டிக் கதவிடுக்கில் அடைத்துவிட்டு, கையில் வாளியோடு நின்று திட்டுவேன். யாரைத் திட்டுவது என்று தெரியாததால் மழையைத் திட்டுவேன்.

மேல்மாடியில் இன்னொரு கழிப்பறை இருக்கிறது. அதற்கு இந்த நோய் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரரால் படி ஏற முடியாது. பக்கவாதம் வந்து வலது காலை இழுத்துவிட்ட பிறகு அவருடைய உலகம் கீழ்மாடியோடு நின்றுவிட்டது. ஈப்போவிலிருந்து லூமுட்டுக்கும் தெலுக் இந்தானுக்கும் லாரி ஓட்டிய மனிதர், இப்போது கட்டிலிலிருந்து கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார். வளைவில் ஹாரன் அடிப்பதுபோல் நடுவழியில் என்னை ஒரு சத்தம் போட்டுக் கூப்பிடுவார்.

அது போதாதென்று, போன தீபாவளிக்குப் பிறகு அவருக்கு வயிறும் கெட ஆரம்பித்தது. சில நாள் நன்றாக இருக்கும், திடீரென்று பிடுங்கிக்கொள்ளும். கிளினிக் டாக்டர், மாத்திரையின் வேலையாக இருக்கும் என்று மாத்திரையை மாற்றினார். மாற்றியும் நிற்கவில்லை என்றதும், சாப்பாடாக இருக்கும் என்றார். நான் சம்பல் செய்வதை நிறுத்தினேன். தேங்காய்ப்பாலை நிறுத்தினேன். கடையில் தாப்பாவ் என்று பொட்டலச் சாப்பாடு வாங்குவதை நிறுத்தினேன். அவர் சாப்பிட்ட அதே சோற்றையும் அதே ரசத்தையும் நானும்தான் சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே பானைச் சோறு என் வயிற்றில் தங்குகிறது, அவர் வயிற்றில் தங்கவில்லை என்றால் அது என்ன கணக்கு என்று யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

வயிறு கெட்ட அன்றே மழையும் பெய்துவிட்டால், கட்டிலுக்குப் பக்கத்தில் வாளி வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அப்போது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வாய் ஓயாத மனிதர், அந்த நேரத்தில் மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அந்தக் கழிப்பறை ஒழுங்காகத் தண்ணீரை உள்ளே இழுத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தேன்.

அதனால், எங்கள் தாமானின், அதாவது எங்கள் குடியிருப்பின், பாதாளச் சாக்கடைக் குழாயை மாற்றப்போகிறார்கள், அதற்குக் கூட்டம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

கூட்டம் எங்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நடந்தது. தாமான் வருவதற்கு முன்னால் இந்த இடமெல்லாம் ரப்பர் தோட்டம். மரங்களை வெட்டி, தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்து, வரிசை வீடுகளைக் கட்டியவர்கள், கோயிலையும் அதை ஒட்டிய கிணற்றையும் மட்டும் விட்டுவைத்தார்கள். என் வீட்டுக்காரர் அந்த லயத்தில் பிறந்தவர். அவருக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை என்பார். வடிகட்டியதில் உயிர் இல்லை என்பார். காலையில் கோயிலுக்கு விளக்குப் போடப் போகும்போது இரண்டு போத்தலில் பிடித்துக்கொண்டு வருவேன். காய்ச்சித் தரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன்.

"அம்மன் தண்ணிய அடுப்புல வைப்பியா? ஒன்ன தஞ்சோங் ரம்புத்தான்ல கொண்டுபோய்ச் சேக்கணும்லா" என்றார்.

அந்த ஊரில் பெரிய மனநல மருத்துவமனை இருப்பதால், எங்கள் பக்கம் பைத்தியம் என்று திட்ட ஊர்ப் பெயரைச் சொன்னாலே போதும். நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. எனக்கு அந்தத் தண்ணீரில் அப்படியொன்றும் ருசி தெரிந்ததில்லை. நான் குழாயைத் திறந்து குடிக்கிற ஆள்.

கூட்டத்தில் பேசியது ஒரு சின்னப் பெண். தெலுக் இந்தான்காரி, நம் பெண்தான். குழாய் மாற்றுவதற்கு முன்னால் சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு என்று ஒன்று செய்ய வேண்டுமாம், அதற்கு வந்தவள். இப்போது இருப்பது தாமான் கட்டியபோது போட்ட சுட்ட மண் குழாய் என்றாள். அது எங்கள் வீட்டுப் பின்சந்தில் ஆரம்பித்து, பள்ளத்தில் இருக்கும் கோயிலைத் தாண்டி, ஓடையோரமாகச் சுத்திகரிப்புக் குளத்துக்குப் போகிறது. இணைப்புகள் விட்டுப்போயிருக்கும், வேர் நுழைந்திருக்கும், அதனால்தான் மழைநீர் உள்ளே புகுந்து கழிப்பறையில் ஏறுகிறது என்று அழகாக விளக்கினாள். அவளுக்கு ஒரு மாலை போடலாமா என்று இருந்தது.

அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னைக் குழப்பியது. இதே மாதிரி கெட்ட குழாய் பல தாமான்களில் இருக்கிறதாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தோண்ட முடியாதாம். எந்தக் குழாயிலிருந்து வெளியே கசிந்து ஆற்றைக் கெடுக்கிறதோ, அதற்குத்தான் முதலிடம். எங்கள் ஓடை கிந்தா ஆற்றுக்குப் போகிறது. அதில் கசிகிறது என்று நிரூபணமானால் உடனே தோண்டுவார்கள். கசியவில்லை என்றால் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டு அசிங்கம் ஆற்றில் கலந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு அம்மன் முன்னால் உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டேன். நல்ல வேண்டுதல்.

கோயில் தலைவர் எழுந்தார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருப்பவர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவருக்குக் குழாயைப் பற்றிக் கவலை இல்லை. தோண்டுகிறேன் என்று வந்து கிணற்றில் கை வைத்துவிடுவார்களோ என்பதுதான் அவர் பயம்.

அந்தப் பெண்ணும் கிணற்றைப் பற்றித்தான் கேட்டாள். "அங்கிள், இங்க யாராச்சும் கெணத்துத் தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடிக்கிற கெணறு ஒண்ணும் இல்லம்மா. இது சாமி கெணறு" என்றார் அண்ணன்.

அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தோம், ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அண்ணன் பொய் சொன்னார் என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அது குடிக்கிற தண்ணீர் இல்லை, தீர்த்தம். அபிஷேகத்துக்கு எடுப்பது, கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வது. என் வீட்டுக்காரர் தினமும் குடிப்பதும் அந்தத் தீர்த்தம்தான், கொஞ்சம் அதிகமாகக் குடிக்கிறார், அவ்வளவுதான். குடிநீர்க் கிணறு என்று யாராவது கேட்டால் அது எங்களுக்குத் தோட்டத்துக் காலத்து விஷயம்.

சோதனை ஒரு சனிக்கிழமை நடந்தது. எங்கள் சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கும் மேன்ஹோல் மூடியைத் திறந்து, சிவப்புச் சாயம் கரைத்து ஊற்றினார்கள். அந்தச் சிவப்பு குளத்துக்கு வருகிறதா, ஓடையில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சாயந்தரம் வரைக்கும் ஓடை சுத்தமாக ஓடியது. எனக்கு முகம் விழுந்துவிட்டது. சில நேரம் மண்ணுக்குள் ஊறி வர நேரம் எடுக்கும், திங்கட்கிழமை வந்து இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று அந்தப் பெண் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஞாயிறு, எங்கள் கோயில் திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் நீராட்டு. இதில் எங்கள் கோயிலுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. வெறுங்குடத்தோடு அம்மன் முன்னால் போகக் கூடாது. மஞ்சளையும் வேப்பிலையையும் வீட்டிலேயே குடத்துக்குள் போட்டுக்கொண்டு போய், அதன்மேல் கிணற்று நீரை இறைத்து ஊற்ற வேண்டும். அந்த வருடம் மஞ்சள் அரைத்து எல்லாக் குடத்துக்கும் பிரித்துப் போட்டது நான். அந்த வேலையில் அன்று காலை போத்தல் பிடிக்கக்கூடப் போகவில்லை. கிணற்றில் இருப்பது கறுப்பு ரப்பர் வாளி. ஆளுக்கு ஆள் இறைத்து ஊற்றிக்கொண்டு வரிசையாகப் போனோம்.

மண்டபத்து வெளிச்சத்துக்கு வந்தபோதுதான், தலைவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இது என்னா கலரு?"

பார்த்தேன். குடத்தில் மஞ்சள் இல்லை. சிவப்பும் மஞ்சளும் கலந்து, ஆரத்தித் தட்டில் இருக்குமே, அந்த நிறம். என் குடம் மட்டுமில்லை, எல்லாக் குடமும்.

"யாரு இதுல சுண்ணாம்பு போட்டது?" என்றார் அக்கா. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவந்து, திருஷ்டி கழிக்கிற ஆலமாகிவிடும், இது எங்கள் எல்லாருக்கும் கைப்பழக்கம். வேறு காரணம் எங்களில் யாருக்கும் மனதில் ஓடவில்லை.

"நான் போடலக்கா."

"மஞ்ச பிரிச்சது நீதானே?"

"மஞ்ச பிரிச்சேன். சுண்ணாம்ப நான் கண்ணால பாக்கல."

"அப்ப அதுவா நடந்து வந்து உள்ள விழுந்துச்சா? ஆலத்துக்கும் அபிசேகத்துக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு? திஸ்டி கழிச்சு லோங்காங் சாக்கடையில கொட்டுற தண்ணிய ஆத்தா தலையில ஊத்தச் சொல்றியா?"

அத்தனை பேர் முன்னால் கேட்டார்.  நானும் சும்மா இல்லை, வெற்றிலை போடுகிறவர்கள் கையில்தான் சுண்ணாம்பு இருக்கும், என் கையில் ஏது என்று கேட்டுவிட்டேன். அங்கே வெற்றிலை போடுகிற ஒரே ஆள் அக்காதான். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. பூசாரிதான், நேரம் போகிறது, ஊற்றுங்கள், ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று முடித்துவைத்தார். ஊற்றினோம். அம்மன் தலையிலிருந்து வழிந்ததை என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கையேந்தி வாங்கிக் குடித்தார். மிச்சத்தை இளவட்டங்கள் ஒருவர்மேல் ஒருவர் ஊற்றி விளையாடினார்கள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் புலம்பினேன். அவருக்கு ஒரே சிரிப்பு.

"ஈப்போவச் சுத்தி இருக்குறது என்னா மலை? சுண்ணாம்பு மலைதானே. மண்ணுக்குள்ள இருந்து கெணத்துல கலந்திருக்கும். இதுக்குப்போய் ரெண்டு பேரும் அடிச்சுக்கிறீங்களா?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் போன வருடமும் அதே மலை, அதே கிணறு, தண்ணீர் மஞ்சளாகத்தானே இருந்தது என்று கேட்டேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

மஞ்சள் நீராட்டு முடிந்தால் கிணற்றைப் பலகை போட்டு மூடிவிடுவது வழக்கம். அம்மன் இளைப்பாறுகிற நாட்கள், தண்ணீர் இறைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை பூசை வைத்துத்தான் திறப்போம். அதுவரைக்கும் என் வீட்டுக்காரர் வடிகட்டிய தண்ணீரை முகத்தைச் சுளித்துச் சுளித்துக் குடித்தார். அந்த நாட்களில் அவர் வயிறு அடங்கியது. ஒரு தடவைகூடக் கெடவில்லை. புது மாத்திரை கடைசியில் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று டாக்டரிடம் போனில் சொன்னேன். திருவிழாவில் தீர்த்தம் குடித்ததால்தான் என்றார் என் வீட்டுக்காரர். இரண்டில் எது என்று நாங்கள் ஒரு நாள் முழுக்க வாக்குவாதம் செய்தோம்.

இதற்கிடையில் திங்கட்கிழமை அந்தப் பெண் ஓடையைப் பார்க்க வந்திருந்தாள். வந்தவள் என் வீட்டு வாசலுக்கு ஓடி வந்து போனைக் காட்டினாள். ஓடையோரம் கல்லிடுக்கெல்லாம் சிவப்பு. "கசியுது ஆன்ட்டி. இத வச்சு எழுதினா ஒங்க தாமானுக்கு மொதல்ல வந்துரும்லா."

 உள்ளே போய் அவரிடம் சொன்னேன். அவர் கழிப்பறைப் பக்கம் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார்.

அந்தச் சந்தோசம் மத்தியானம் வரைக்கும் நிற்கவில்லை. தலைவர் அண்ணன் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

"தங்கச்சி, அது சாயம் இல்லம்மா. நேத்து நாம ஊத்துன மஞ்சத் தண்ணி. எல்லா வீட்டுலயும் மஞ்சத் துணிய சோப்புப் போட்டுத் தொவச்சு லோங்காங்ல விட்டிருக்காங்க. லோங்காங் ஓடைக்குத்தானே போவுது. நீதான் மஞ்ச கலந்த ஆளு, நீ சொன்னா அந்தப் பொண்ணு கேக்கும்."

"நான் சுண்ணாம்பு போடலன்னு சொன்னப்ப ஒங்க வீட்டுல யாரும் நம்பல. இப்ப சாட்சி சொல்ல மட்டும் நான் வேணுமாண்ணே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். ஜெயித்த திமிரில் உள்ளே வந்து, ஊறவைத்திருந்த என் மஞ்சள் சேலையை எடுத்துச் சோப்புப் போட்டேன். போட்ட இடமெல்லாம் சிவந்தது. கசக்கக் கசக்கச் சிவப்பாக வடிந்து, குளியலறைத் துவாரத்தின் வழியே லோங்காங்குக்குப் போனது. மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்று எனக்குத் தெரியாதா? சமைக்க ஆரம்பித்த நாளிலிருந்து தெரியும். வேண்டாத நேரத்தில் தெரிந்த விஷயம் எப்படி மறந்துபோகிறது என்பதுதான் வேடிக்கை.

அந்தச் சேலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் என் குழாய் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, எங்கள் தாமானுக்கு நல்லதுதான். கடைசியில் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரைக்கும் விளங்கவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கண்ணால் பார்த்ததை வாய்க்குள் வைத்திருக்க எனக்கு வராது, அவ்வளவுதான். போனை வைத்ததும் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது, தலைவர் அண்ணன்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லவேள சொன்னீங்க ஆன்ட்டி. வேற கலர்ல திரும்ப செஞ்சு பாப்போம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை கிணற்றைத் திறந்தோம். பூசாரி பூவும் குங்குமமும் தூவினார். முதல் வாளித் தண்ணீர் லேசாகச் சிவந்த மாதிரி இருந்தது. குங்குமம் என்று நினைத்துக்கொண்டு போத்தலில் பிடித்து வந்தேன். என் வீட்டுக்காரர் அண்ணாந்து குடித்துவிட்டு, இப்போதுதான் உயிர் வந்தது என்றார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வயிறு மறுபடியும் பிடுங்கிக்கொண்டது. புது மாத்திரையின் மகிமை முடிந்துவிட்டது என்று டாக்டருக்குப் போன் போட்டேன்.

அடுத்த புதன்கிழமை இரண்டாவது சோதனை. திருவிழா இல்லை, மஞ்சள் இல்லை. இந்தத் தடவை பச்சைச் சாயம். அதே மேன்ஹோல். நான் தேத்தண்ணி போடவில்லை, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஓடைக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வா, வா என்று தண்ணீரைப் பார்த்துக் கொண்டிருந்தேன். மீன் குஞ்சு வந்தது, நெகிழிப் பை வந்தது, பச்சை வரவில்லை. குளத்தில் கொஞ்சம் வந்ததாக அந்தப் பெண்ணின் ஆட்கள் சொன்னார்கள்.

"ஊத்துன அளவுக்கு வரல. மிச்சம் எங்க போச்சுன்னு எனக்கே புரியல ஆன்ட்டி" என்றாள்.

"அப்ப கொழாய்?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சாமான்களை எடுத்து வைத்தாள். தலைவர் அண்ணன் மட்டும் கோயில் வாசலில் நின்று நிம்மதியாக மூச்சு விட்டார். அவர் கிணறு தப்பித்தது.

அன்று சாயந்தரமே மழை. கொடகொட. ஓடிப்போய்க் கைலியை அடைப்பதற்குள் தரை நிறைந்துவிட்டது. அவருக்கும் அந்த நேரம் பார்த்து அவசரம். கட்டிலுக்குப் பக்கத்தில் வாளியை வைத்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சமையல்கட்டு வாசலில் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்நேரம் தோண்ட ஆரம்பித்திருப்பார்களே என்றுதான் அழுதேன்.

மறுநாள் காலை வழக்கம்போல விளக்குப் போடப் போனேன். திரியைத் தூண்டி வைத்துவிட்டு, இரண்டு போத்தலையும் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். கறுப்பு வாளியில் இறைத்து, புனல் வைத்து ஊற்றினேன். போத்தல் நிரம்பியதும் மூடியைத் திருகிக்கொண்டே வெளிச்சத்தில் தூக்கினேன்.

பச்சை. சென்டோல் இனிப்பில் போடுவார்களே, அந்தப் பச்சை.

 பாசி என்று நினைத்தேன். கொட்டிவிட்டு இன்னொரு வாளி இறைத்தேன். அதுவும் பச்சை. அதற்குப் பிறகுதான் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எங்கள் பின்சந்து மேட்டில் இருக்கிறது, கிணறு பள்ளத்தில் இருக்கிறது. குளத்துக்கும் போகாமல் ஓடைக்கும் போகாமல் நின்ற மிச்சம் இங்கே இருக்கிறது. ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டோம், ஒரே தண்ணீரைக் குடிக்கவில்லை. கிணறு மூடியிருந்த நாட்களில் அவர் வயிறு கெடவில்லை. இந்தக் கையால்தான் தினமும் பிடித்துக்கொண்டு போனேன்.

பூக்கூடையோடு தலைவருடைய மனைவி வந்தார். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பப் போனவர், கையில் இருந்த போத்தலைப் பார்த்து நின்றுவிட்டார்.  வாயில் முதலில் வந்தது இதுதான்.

"அக்கா, நான் சுண்ணாம்பு போடல."

அவர் போத்தலை வாங்கிப் பார்த்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பூக்கூடையை வைத்துவிட்டுக் கிணற்று மேடையிலேயே உட்கார்ந்துகொண்டார். "யாருமே போடல" என்றார், மெதுவாக. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்தான் எழுந்துபோய் அண்ணனைக் கூட்டிவந்தார். அண்ணன் பார்த்தார். அவரே போனை எடுத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "குடிக்கிற கெணறுதாம்மா" என்றார்.

நான் அந்தப் போத்தலை வீட்டுக்கு எடுத்துப் போனேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார். கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தனக்காக எதுவும் கேட்கவில்லை.

"அப்ப அன்னிக்கு ஆத்தாவ எதுல குளிப்பாட்டுனோம்?" என்றார்.

பதில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். 

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கிணற்று நீரைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள், கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள், முடிவு வந்ததும் கான்கிரீட் பலகை போட்டு மூடிவிட்டார்கள். பின்சந்தைத் தோண்டினார்கள். உடைந்து, வேர் அடைத்துக் கிடந்த மண் குழாய்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் குழாய் இறக்கினார்கள். ஓடையில் அன்றைக்கு வந்த சிவப்பு சாயமா, எங்கள் மஞ்சளா என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். தெரியாது, இரண்டுமாகவும் இருக்கலாம் என்றாள். இப்போது அபிஷேகத்துக்குக் குழாய்த் தண்ணீர்தான். அக்காவும் நானும் சேர்ந்துதான் பிடித்து வைக்கிறோம். மஞ்சளைப் போடுவதற்கு முன்னால் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொள்கிறோம். வெறுந்தண்ணீரை அப்படிப் பார்க்கக் கூடாது என்பார்கள். பார்க்கிறோம்.

கழிப்பறையில் சத்தம் இல்லை. மலைப்பக்கம் எவ்வளவு மழை பெய்தாலும் எங்களுக்கு இப்போது வாசலில் விழுந்தால்தான் தெரியும். என் வீட்டுக்காரர் வயிறும் தேறிவிட்டது. நான் கேட்ட அத்தனையும் கிடைத்துவிட்டது. ஆனால் காலையில் விளக்குப் போடப் புறப்படும்போது கை தானாகப் போய் அந்த இரண்டு போத்தலை எடுக்கிறது. எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்து வைத்துவிடுவேன்.

போன வாரம் அப்படி வைத்ததை அவர் பார்த்துவிட்டார். வடிகட்டிய தண்ணீரை ஒரு வாய் குடித்து, குவளையைக் கீழே வைத்தார்.

"ஆயிரந்தான் சொல்லு, நீ கொண்டாந்த தண்ணிதான் ருசிலா."

கிண்டல் செய்கிறாரா, என் மனது ஆறட்டும் என்று சொல்கிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. குவளையை எடுத்துத் திரும்ப அவர் கையில் கொடுத்தேன்.